டர்பைன் பிளேடு ஏன் ஒரே படிகம்?

ஜெட் எஞ்சினில் டர்பைன் பிளேடைத் தாக்கும் வாயுவின் சூடு 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடின் அடிப்படை உலோகமான நிக்கல் உருகுவதோ 1455 டிகிரியில்! உள்ளே ஓடும் காற்றும் மேலே உள்ள பீங்கான் பூச்சும் பிளேடை உருகவிடாமல் காக்கின்றன. ஆனால், சுழற்சி அதை ஓயாமல் வெளிப்பக்கம் இழுக்கிறது. அந்தச் சூட்டில் உலோகம் முறியாமலே மயிரிழை மயிரிழையாக நீளும். இதுதான் ‘க்ரீப்’. நீண்டு, சுற்றியுள்ள எஞ்சின் உறையை உரசினால் போச்சு.

சாதாரண உலோகம் பல படிகத் துகள்களின் கூட்டம். சூட்டில் வழுக்குவதும் விரிசல் விடுவதும் பெரும்பாலும் துகள்களின் எல்லைகளில்தான். எல்லையே இல்லாவிட்டால்? வார்ப்பச்சின் அடிப்பகுதியில் சுருள் பாதை ஒன்று வைக்கிறார்கள். கீழிருந்து உறைந்து ஏறும் படிகங்களில் ஒன்று மட்டுமே அந்த வளைவுகளைத் தாண்டும். அதுவே முழுப் பிளேடாக வளரும். அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் 1980களிலேயே இத்தகைய பிளேடுகளைப் பறக்கவிட்டது.

படிகத்துக்குள்ளும் காவல் உண்டு. நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த, அரை மைக்ரான் அளவுள்ள கனசதுரங்கள் கொள்ளளவில் சுமார் 70 சதவீதம் நெருக்கியடித்து நிற்கும். நகர்ந்து நகர்ந்து உலோகத்தை நீளவைக்கும் படிகக் குறைகள் இடைச் சந்துகளில் சிக்கித் திணறும். ஆனால், 1000 டிகிரிக்கு மேல் இழுவிசையில் கனசதுரங்கள் ஒட்டித் தட்டுகளாகிவிடும். இதற்குக் காரணமான அணுக்களின் நகர்வை மந்தமாக்க 3 சதவீதம் ரீனியம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள். பலன் உண்டு, விலைதான் கொள்ளை.