ஹவாய் பூர்வகுடிகளின் சமயமும் குடும்ப வழிபாட்டு மரபும்

ஹவாய் பூர்வகுடிகள் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளின் பொலினீசிய இன மக்கள் ஆவர். 19-ஆம் நூற்றாண்டில் இவர்களில் பெரும்பாலோர் கிறித்தவத்தைத் தழுவினர். எனினும் முன்னோர் வழிபாட்டின் கூறுகள் பல குடும்பங்களில் இன்றும் திருச்சபை வாழ்வோடு சேர்ந்தே தொடர்கின்றன. ஹவாய் மாநிலத்தில் ஜப்பானியர் கொண்டுவந்த பௌத்தமும், கவாய் தீவில் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் மரபில் வந்த சைவ மடமும் உள்ளன. அவை பின்னர் வந்து சேர்ந்தவை. இக்கட்டுரை பூர்வகுடிகளைப் பற்றியது.

பழைய சமயம்

கானே, கூ, லோனோ, கனலோவா ஆகிய பெருந்தெய்வங்களுக்கு 'ஹெயாவு' எனும் கல்மேடைக் கோயில்களில் பூசகர்கள் சடங்கு நடத்தினர். 'கபு' எனப்பட்ட விலக்குகள் அன்றாட வாழ்வை ஆண்டன. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக்கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் ஆகியவற்றைப் பெண்கள் உண்ணக்கூடாது. மீறியவர்களுக்கு மரண தண்டனையும் உண்டு.

குடும்பத்தின் தெய்வம் வேறு. அதற்கு 'அவுமகுவா' என்று பெயர். குலதெய்வம் என்று சொன்னால் ஓரளவே பொருந்தும். ஏனெனில் அவுமகுவா என்பது அக்குடும்பத்தின் இறந்த முன்னோரே. சுறா, ஆந்தை, பல்லி போன்ற உருவங்களில் அவர் தோன்றுவார் என்பது நம்பிக்கை. சுறாவை அவுமகுவாவாகக் கொண்ட குடும்பத்தார் அதைக் கொல்வதில்லை, உண்பதில்லை. கடலில் அதற்கு உணவிடுவர். இதற்குக் கோயிலோ பூசகரோ தேவையில்லை.

1819-ஆம் ஆண்டின் திருப்பம்

முதலாம் கமெஹமெஹா மன்னர் 1819-இல் இறந்தார். அவருடைய மகன் லிஹொலிஹொ, அன்னை கெயோபுவோலானியும் அரசி கஅஹுமனுவும் வற்புறுத்தியபடி, அதே ஆண்டு பெண்களுடன் அமர்ந்து உண்டார். அந்த ஒரு விருந்தோடு கபு முறை முடிந்தது. கோயில்கள் இடிக்கப்பட்டன, தெய்வ உருவங்கள் எரிக்கப்பட்டன. எதிர்த்துப் போரிட்ட கெகுவாஒகலானி, மனைவி மனோனோவுடன் களத்தில் மடிந்தார். பாஸ்டனிலிருந்து புறப்பட்ட புராட்டஸ்டண்டு மறைப்பணியாளர் வந்து இறங்கியது 1820-இல்தான். அதாவது, பழைய அரச சமயத்தை ஒழித்தவர்கள் மறைப்பணியாளர்கள் அல்லர், ஹவாய் ஆட்சியாளர்களே. ஆனால் வீட்டுக்குள் இருந்த அவுமகுவாவை எந்த ஆணையாலும் எரிக்க முடியவில்லை.

திருச்சபைகளும் குடும்பங்களும்

கெயோபுவோலானி 1823-இலும் கஅஹுமனு 1825-இலும் திருமுழுக்குப் பெற்றனர். தலைவர்களைத் தொடர்ந்து மக்களும் வந்தனர். ஹிலோவில் 1838 சூலையில் ஒரே ஞாயிறன்று 1,705 பேர் திருமுழுக்குப் பெற்றனர். கத்தோலிக்கம் 1827-இல் வந்தது. அதை ஏற்ற ஹவாய் மக்கள் கட்டாய வேலைத் தண்டனைக்கு உள்ளாயினர். 1839-இல்தான் அவர்களுக்கு வழிபாட்டுரிமை கிடைத்தது. 1850-இல் மோர்மன் சபையும் 1862-இல் ஆங்கிலிக்கன் சபையும் வந்தன. மோர்மன் சபை இறந்த முன்னோருக்காகச் சடங்கு செய்வது. வம்சாவளியை மனப்பாடமாக ஓதிவந்த மக்களுக்கு இது அந்நியமாகத் தோன்றியிராது. அச்சபையின் ஆலயம் லாயியே ஊரில் 1919-இல் திறக்கப்பட்டது.

குடும்பப் பூசலைத் தீர்க்கும் 'ஹோவோபோனோபோனோ' எனும் சடங்கில் இரு மரபுகளும் கலந்திருப்பதைக் காணலாம். மூத்தவர் ஒருவர் முன்னிலையில் குடும்பத்தார் கூடுவர். தொடக்கத்தில் வேண்டுதல், பிறகு குறைகளை வெளிப்படையாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஒருவரையொருவர் விடுவிப்பர். முன்பு அவுமகுவாவிடம் வேண்டினர். கிறித்தவக் குடும்பங்கள் இயேசுவிடம் வேண்டுகின்றன. சடங்கின் அமைப்பு மட்டும் அப்படியே உள்ளது. இதை மேரி கவேனா புகுயி, 1972-இல் முதல் தொகுதி வெளிவந்த 'நானா இ கே குமு' நூலில் பதிவு செய்துள்ளார்.

முன்னோரின் எலும்புகள்

முன்னோரின் எலும்புகளைக் காப்பது வழித்தோன்றல்களின் கடமை. 1980-களின் இறுதியில் மாவி தீவின் ஹொனொகஹுவாவில் விடுதி கட்டத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஹவாய் மக்களின் எதிர்ப்பால் பணி நின்றது. எலும்புகள் அதே இடத்தில் மீண்டும் புதைக்கப்பட்டன, விடுதி கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. இதன் விளைவாக 1990-இல் வந்த சட்டம் தீவுகளுக்குப் புதைகுழி மன்றங்களை அமைத்தது. பழைய புதைகுழி ஒன்றை என்ன செய்வது என்று முடிவு செய்யும்போது, அங்குப் புதைக்கப்பட்டவரின் நேர் வழித்தோன்றல்கள் என்று நிறுவும் குடும்பத்தாரின் கருத்தை இம்மன்றங்கள் கேட்கின்றன.