தராசு இல்லாமல் கடிதத்தை நிறுக்கலாம்

ஜெயமங்கலம் தபால் நிலையத்தில் இன்று கடிதம் கொடுத்தால், 20 கிராமுக்கு ஒரு கட்டணம். அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். மெட்ரிக் எடைகள் வருவதற்கு முன், இந்த ஊர் இருக்கும் பெரியகுளம் வட்டாரத்துக் கடைகளில் எடை என்றால் பலமும் வீசையும்தான். தபாலுக்குத் தோலா.

தோலா என்பது வெள்ளி ரூபாயின் எடை, 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது 1.4 கிலோ. 1854 அக்டோபரில் தூரம் எவ்வளவானாலும் ஒரே கட்டணம் என்ற முறை வந்தபோது, கால் தோலா கடிதத்துக்கு அரையணா தபால் தலை ஒட்டினால் போதும். கால் ரூபாயான வெள்ளி நாலணாவின் எடையும் கால் தோலாதான். ஒரு தட்டில் நாலணா, மறுதட்டில் கடிதம் வைத்தால் கணக்கு முடிந்தது. பணமே படிக்கல்!

ஆனால் ஊருக்கு ஊர் அளவு மாறியது. சென்னை மாகாணத்தில் ஒரு சேர் 24 தோலா; வடக்கே 80 தோலா. ஒரே பெயர், மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். இதைத் தீர்க்கத்தான் 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்தது. நாணயத்திலும் 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1962 ஏப்ரலோடு பழைய எடைக்கற்கள் விடைபெற்றன. தபால் துறையும் தோலாவை விட்டு கிராமுக்கு மாறியது. 1962-இல் வந்த ரூபாய் நாணயம்கூட 10 கிராம்தான்.

கிராமின் பெருமை அது எல்லா ஊருக்கும் பொது என்பது மட்டுமல்ல. மெட்ரிக் முறையில் நீளமும் கொள்ளளவும் எடையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பத்து சென்டிமீட்டர் நீள, அகல, உயரமுள்ள பெட்டியில் ஒரு லிட்டர் நீர் பிடிக்கும். அந்த நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ.

காகிதத்துக்கும் இதே பிணைப்பு உண்டு. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதிபாதியாக மடித்தால் கிடைப்பது ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. காகிதக் கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று இருந்தால், ஒரு சதுர மீட்டர் 80 கிராம் என்று பொருள். 80-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். 1854-இல் இந்த ஒற்றைத் தாளே அரையணா வரம்பை மீறியிருக்கும். இன்று மூன்று தாள் எழுதினாலும் 15 கிராம்தான். உறைக்கு 5 கிராம் மிச்சம்.

அடுத்த முறை கடிதம் எழுதும்போது வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். விடை சரியா என்பதைத் தபால் நிலையத் தராசு சொல்லிவிடும்.