தூண்டில் நரம்பு ஏன் சிக்கிக்கொள்கிறது?

தூண்டில் போட்டுப் பழகிய யாரையாவது கேட்டுப் பாருங்கள். மீன் அகப்படாத நாளைப் பற்றி அவர் அவ்வளவாகக் குறைப்பட மாட்டார். ஆனால் வீட்டிலிருந்து ஒழுங்காக எடுத்துச் சென்ற இரண்டு தூண்டில் கோல்கள், கரையில் இறக்கிப் பார்த்தபோது ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த கதையைத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார். யாரும் அவற்றைத் தொடவில்லை. வண்டி குலுங்கியது, அவ்வளவுதான். பிறகு முடிச்சைப் போட்டது யார்?

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வியை இரண்டு இயற்பியலார் உண்மையாகவே ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ பிரிவைச் சேர்ந்த டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் ஆகிய இருவரும் 2007ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். சோதனை மிக எளியது. ஒரு பெட்டிக்குள் ஒரு கயிற்றைப் போட்டுப் பெட்டியைப் பத்து முறை உருட்ட வேண்டும். திறந்து பார்க்க வேண்டும். இதை அவர்கள் 3,415 முறை செய்தார்கள்! முடிச்சு பெரும்பாலும் சில விநாடிகளுக்குள்ளேயே விழுந்துவிட்டது. கிடைத்த முடிச்சுகளில் 120 வகைகள் இருந்தன. எந்த முடிச்சு எந்த வகை என்று கண்டுபிடிக்க, வான் ஜோன்ஸ் என்ற கணித அறிஞர் 1984இல் கண்ட ஒரு பல்லுறுப்புக்கோவை உதவியது. பள்ளியில் நீங்கள் காரணிப்படுத்திச் சலித்துப்போகும் பல்லுறுப்புக்கோவையின் உறவினர்தான் அது.

அவர்கள் பயன்படுத்திய கயிற்றில் 46 செ.மீ.க்குக் குறைவான துண்டு அநேகமாக முடிச்சு விழாமல் தப்பித்தது. நீளம் கூடக்கூட முடிச்சு விழும் நிகழ்தகவும் விரைவாக ஏறி, ஏறத்தாழப் பாதியில் போய் நின்றது. தூண்டில் நரம்போ பல மீட்டர் நீளமுள்ளது. அது சிக்காமல் வந்தால்தான் வியப்பு!

முடிச்சு எப்படி விழுகிறது? பெட்டிக்குள் கயிறு வளையம் வளையமாகச் சுருண்டு கிடக்கிறது. அதன் நுனி அந்த வளையங்களின் பக்கத்திலேயே இருக்கிறது. குலுக்கும்போது நுனி ஒரு வளையத்துக்கு மேலே போகிறது, அடுத்ததற்குக் கீழே நுழைகிறது, மறுபடி மேலே வருகிறது. சடை பின்னும்போது கை செய்கிற வேலையை இங்கே குலுக்கல் செய்துவிடுகிறது. இதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: கட்டில்லாத ஒரு நுனி, தளர்ந்து கிடக்கும் நரம்பு, அசைவதற்கு இடம். சிறிய பெட்டியில் கயிற்றை நெருக்கி அடைத்தபோது முடிச்சுகள் குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள்.

நல்ல தூண்டில்காரர்கள் செய்யும் ஒவ்வொரு காரியமும் இந்த மூன்றில் ஒன்றை ஒழிப்பதுதான். முள்ளைக் கைப்பிடியருகே உள்ள சிறு கொக்கியில் மாட்டுவது நுனியை ஒழிக்கிறது. ரீலைச் சுற்றி நரம்பை இழுத்து வைப்பது தளர்வை ஒழிக்கிறது. கோலின் மேல் துணி உறையை இழுத்துவிடுவது இடத்தை ஒழிக்கிறது. ரீல் இல்லாத மூங்கில் கோலில் நரம்பைக் கோலைச் சுற்றியே சுற்றி, முள்ளைத் தக்கையில் குத்தி வைத்தால் மூன்றும் ஒரே வேலையில் முடிந்துவிடும்.

இவற்றில் முதலாவதே முதன்மையானது என்பேன். காரணம் சுவையானது. நரம்பின் ஒரு முனை ரீலில் இருக்கிறது. மறுமுனை முள்ளோடு கைப்பிடியில் மாட்டப்பட்டிருக்கிறது. இப்போது கோலும் நரம்பும் சேர்ந்து ஒரு மூடிய வளையம் ஆகிவிட்டன. முடிச்சில்லாத மூடிய வளையத்தை எத்தனை நாள் குலுக்கினாலும் அதில் மெய்யான முடிச்சு விழாது. பார்வைக்குச் சிக்கல் போலத் தெரிந்தாலும், பொறுமையாகத் தளர்த்தினால் வெட்டாமலே பிரிந்துவிடும். இரண்டு கோல்களுக்கும் இதே விதிதான்.

ஆனால் முள்ளை நரம்பு ஓடும் வளையங்களில் மாட்டாதீர்கள். வளையத்தின் உட்பகுதி கீறல் பட்டால், அந்தக் கீறலே பிறகு நரம்பை அறுக்கும்.

சிக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது முறுக்கு. ஒரு ரிப்பனை டம்ளரின் மேல் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். டம்ளரை உருட்டாமல், ரிப்பனின் நுனியை மேல்நோக்கி இழுத்து உருவுங்கள். சுற்றுக்கு ஒரு முறுக்காகப் பத்து முறுக்குகள் ஏறியிருக்கும். அடுத்து, டம்ளரை உருட்டிப் பிரித்துப் பாருங்கள், முறுக்கே இராது. முறுக்கேறிய நரம்பு இழுவிசையில் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். தளர்ந்ததோ இல்லையோ, முறுக்கு சுருளாக மாறிவிடும். முறுக்கிய நூலின் இரு முனைகளையும் அருகே கொண்டுவந்தால் நடுவில் பன்றிவால் போலச் சுருளுவதைப் பார்த்திருப்பீர்கள். மீன் நரம்பை வெளியே இழுத்துக்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் ரீலின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால், நரம்பு உள்ளே வராது. முறுக்கு மட்டும் ஏறும். பட்டம் விடும் பிள்ளைகள் கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் எட்டு வடிவில் நூலைச் சுற்றுகிறார்களே, அது சரியான இயற்பியல்! எட்டின் ஒரு பாதி ஏற்றும் முறுக்கை மறுபாதி இறக்கிவிடுகிறது.

வெப்பமும் கவனிக்க வேண்டியதே. நைலான் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குகிறது. ஈரம் ஏறியிருந்தால் அதற்கும் முன்பே. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் இந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். அங்கே ரீலில் சுற்றிக் கிடக்கும் நரம்பு, ஆறியதும் அந்தச் சுருளையே தன் வடிவமாகப் பிடித்துக்கொள்ளும்.

கோலுக்கு வருவோம். இன்றைய கோல்களில் பல, கார்பன் இழையால் ஆன மெல்லிய குழாய்கள். இழைகள் நீளவாட்டில் இழுவிசையை நன்றாகத் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் பக்கவாட்டில் விழும் குத்தைத் தாங்கா. ஈயக்குண்டு மோதிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டாகி, பல நாள் கழித்து ஒரு சிறு மீனை இழுக்கும்போது கோல் ஒடியும். பழி மீன்மேல் விழும்! பிரித்து எடுத்துச் செல்லும் கோலாக இருந்தால், மெல்லிய நுனித்துண்டைத் தடித்த அடித்துண்டோடு சேர்த்து இரண்டு இடங்களில் துணிநாடாவால் கட்டுங்கள். தடித்தது மெலிந்ததைக் காக்கும். அதை ஒரு பி.வி.சி. குழாயில் இட்டு, இரு முனைகளிலும் பஞ்சோ துணியோ அடைத்துவிட்டால் போதும். ஈரக் கோலை மட்டும் குழாயில் மூடாதீர்கள், வளையங்கள் துருப்பிடிக்கும்.

பிரிக்கவே முடியாத சிக்கலை வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டியதைக் கரையில் எறிந்தால் நைலான் மக்காது. கொக்கின் காலிலோ ஆமையின் கழுத்திலோ மாட்டி அதைக் கொன்றுவிடும். எனவே சாண் சாணாக நறுக்கி வீட்டுக்கு எடுத்து வந்து குப்பையில் சேருங்கள். குட்டையான துண்டு எதன் காலையும் சுற்றாது.

கார்பன் இழைக்கு ஒரு குணம் உண்டு: அது மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான மூங்கிலும் கடத்தும். உயர் அழுத்தக் கம்பியைக் கோல் தொடத்தான் வேண்டும் என்பதில்லை. மிக அருகில் போனாலே மின்சாரம் பாயக்கூடும். கரைக்குப் போகும் வழியில் மேலே மின்கம்பி தெரிந்தால், கோலைத் துண்டுகளாகக் கழற்றி, தரைக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடந்து செல்லுங்கள். கம்பிக்கு அடியில் நின்று தூண்டிலை வீசவே கூடாது.