முன்பதிவுச் சீட்டும் உல்லாசப் பூங்காக் கூட்டமும்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குக் குழாயடியின் வாளி வரிசை மறந்திருக்காது. லிங்கி, ரந்தாவ், லாபு முதலிய நெகிரி செம்பிலான் வட்டாரத்துத் தோட்டங்களில், வீட்டுக்கு வீடு தண்ணீர் வருவதற்கு முன்பு, ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரு பொதுக் குழாய் என்பதே பெருவழக்காக இருந்தது. தண்ணீர் வரும் நேரத்துக்கு வெகு முன்னதாகவே வாளிகள் வரிசை பிடித்துவிடும். வாளி அங்கே நிற்கும். வாளிக்கு உரியவளோ வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பாள். முறை வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தால் ஓடிவந்து பிடித்துக்கொள்வாள்.

உலகத்துப் பெரிய உல்லாசப் பூங்காக்கள் பெரும் பொருட்செலவில் அமைத்திருக்கும் முன்பதிவு முறையின் தத்துவம் முழுவதும் இந்த வாளிக்குள் அடங்கிவிடுகிறது. ஆள் நிற்பதற்குப் பதிலாக அவர் பெயரால் ஒரு பொருள் நிற்கிறது. முன்பு அது காகிதச் சீட்டாக இருந்தது. இன்று கைத்தொலைபேசியில் ஒரு பதிவாக இருக்கிறது. ஆனால் குழாயடியில் பழகியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒருத்தி நான்கு வாளி வைத்தாள் என்பதற்காகக் குழாயில் தண்ணீர் கூடுதலாக வந்துவிடுவதில்லை. பூங்காக்களில் எழும் குழப்பங்களில் பாதிக்கு மேல், இந்த எளிய உண்மையை மறப்பதால் எழுபவையே.

ஒரு கணக்கைப் பார்த்தால் செய்தி விளங்கும். ஒரு பூங்காவில் 6 பெரிய சவாரிகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் மணிக்கு 1,000 பேரை ஏற்றி இறக்கும் என்றும் கொள்வோம். 8 மணி நேரத்தில் அப்பூங்கா தரக்கூடியது 48,000 சவாரி இடங்கள். அன்று 12,000 பேர் வந்திருந்தால் தலைக்கு 4 சவாரி. சீட்டுக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், பொன்னெழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் இந்த நான்கு ஐந்தாகாது. ஆனால் பங்கீடு மாறும். முறையை நன்கு அறிந்த 3,000 பேர் ஆளுக்கு 8 சவாரி செய்துவிட்டால் 24,000 இடம் அவர்களுக்கே போய்விடும். மிச்சமுள்ள 9,000 பேருக்கும் சேர்த்து மிஞ்சுவது இன்னொரு 24,000. அதாவது தலைக்கு மூன்றுக்கும் குறைவு. எட்டுச் சவாரி செய்தவர் முறை மிகச் சிறந்தது என்று சான்று கொடுப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய சௌகரியம் யாருடைய நேரத்திலிருந்து வந்தது என்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வரிசைகளைப் பற்றிய கணிதம் நூறாண்டுக்கு மேல் பழமையானது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்பவர், இணைப்புக்காகக் காத்திருக்கும் அழைப்புகளை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் இத்துறைக்கு வித்திட்டார். 1961ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் ஒரு விதியை நிறுவினார். இன்று அது லிட்டிலின் விதி என்றே வழங்குகிறது. அதன் சாரம் இது: வரிசையில் உள்ளவர் தொகையை, ஒரு மணிக்கு அதிலிருந்து உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவோர் தொகையால் வகுத்தால், காத்திருக்க வேண்டிய நேரம் சராசரியாகக் கிடைத்துவிடும்.

இந்த விதி பூங்காவில் செய்யும் வேடிக்கை கவனிக்கத்தக்கது. மணிக்கு 1,000 பேரை ஏற்றும் சவாரியின் முன் 200 பேர் நின்றால் 12 நிமிடத்தில் முறை வந்துவிடும். அதே சவாரியில் மணிக்கு 800 இடம் முன்பதிவுக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றால், சாதாரண வரிசைக்கு எஞ்சுவது 200 இடம். இப்போது அதே 200 பேர் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். வரிசை நீளவில்லை; ஆனால் நகரவில்லை. சிறிய வரிசைதானே என்று நம்பிக் குழந்தையுடன் போய் நின்றவர், பக்கத்து வழியாக ஆட்கள் சாரி சாரியாகப் போவதைப் பார்த்து மனம் புழுங்குவதற்குக் காரணம் இதுவே. கண் பழகியது நீளத்தை அளப்பதற்கு. இங்கே அளக்க வேண்டியதோ வேகத்தை.

இம்முறை பெருமளவில் பரவியது டிஸ்னி நிறுவனத்தால். 1999ஆம் ஆண்டில் புளோரிடாவில் உள்ள அதன் பூங்காவில் 'பாஸ்ட்பாஸ்' என்னும் இலவசச் சீட்டு அறிமுகமாயிற்று. சவாரியின் அருகில் உள்ள இயந்திரத்தில் நுழைவுச் சீட்டைச் செருகினால், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் திரும்பி வருக என்று அச்சிட்டுக் கொடுக்கும். 2013, 2014ஆம் ஆண்டுகளில் அது கைப்பட்டையும் கைத்தொலைபேசியும் கொண்டு நடத்தும் முறையாக மாறியது. வருகைக்குப் பல நாள் முன்பாகவே வீட்டிலிருந்தபடி நேரம் குறித்துக்கொள்ளலாம். பூங்காவின் விடுதியில் தங்குவோருக்கு 60 நாள் முன்பாகவும், மற்றவர்களுக்கு 30 நாள் முன்பாகவும் பதிவு திறக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றினால் பூங்காக்கள் மூடப்பட்டபோது இலவச முறை நின்றது. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் வந்தது கட்டண முறை. இருபது ஆண்டு இலவசமாகப் பழக்கி, பின்பு விலை வைத்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. விலை வைப்பது வியாபாரம். அதில் ஒளிவு மறைவு இல்லை. அதனைக் கூட்டத்தைக் குறைக்கும் ஏற்பாடு என்று விளம்பரப்படுத்துவதுதான் பொருந்தாது.

கூட்டம் உண்மையில் குறைகிறதா? வரிசை என்பது ஆட்களை வைத்திருக்கும் கிடங்கும் ஆகும். 12,000 பேரில் 7,000 பேர் எந்நேரமும் வரிசைகளில் நின்றுகொண்டிருந்தால், நடைபாதைகளில் உள்ளவர்கள் 5,000 பேர். முன்பதிவு முறை 3,000 பேரை வரிசையிலிருந்து விடுவித்தால் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. பாதையிலும் சாப்பாட்டுக் கடையிலும் கழிப்பறை வாசலிலும் போய்ச் சேருகிறார்கள். 5,000 பேருக்கு அமைந்த பாதையில் 8,000 பேர் நடக்கிறார்கள். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. உட்கார இடம் தேடும் கிழவிக்கு மகிழ்ச்சியில்லை.

மற்றொரு விளைவு இதனினும் நுட்பமானது. நீண்ட வரிசை தானே ஒரு காவற்காரன். இரண்டு மணி நேரம் ஆகும் என்று கண்டால் பலர் வேறு சவாரிக்குப் போய்விடுவர். கால் வலியே அவ்விடத்துக்கு விலை. சீட்டுக்குக் கால் வலி இல்லை. ஆகவே உண்மையில் ஆசை உள்ளவரும் இல்லாதவரும் எல்லோரும் சீட்டு எடுத்து வைக்கிறார்கள். சீட்டை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுமில்லை; இன்னொரு சவாரியின் சாதாரண வரிசையில் போய் நிற்கிறார்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் காத்திருக்கிறார். முன்பு வரிசையே இல்லாத சிறு சவாரிகளுக்கும் இதனால் வரிசை முளைக்கிறது.

நன்மைகளும் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் வெயிலில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை. நண்பகலில் வந்து குவியும் கூட்டத்தின் ஒரு பகுதியை மாலைக்குத் தள்ளலாம். எத்தனை மணிக்கு முறை என்று திட்டமாகத் தெரிந்தால், காத்திருப்பதே பாதி இலேசாகிவிடுகிறது. சவாரிக்குரிய இடங்களை விட அதிகமாகச் சீட்டுக் கொடுக்காமல், ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு சீட்டு என்று கண்டிப்பாக நடத்தினால், குழாயடியில் ஒரு வீட்டுக்கு ஒரு வாளி என்ற ஒழுங்கு வந்துவிடும்.

மலேசியாவில் இதற்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு கெந்திங் மலை. அங்கிருந்த பழைய திறந்தவெளிப் பூங்கா 2013இல் மூடப்பட்டது. கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்னும் புதிய பூங்கா 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது, கைத்தொலைபேசிச் செயலி வழியாகச் சவாரிக்கு முறை பதியும் ஏற்பாடும் உடன் வந்தது. மலையில் ஒரு தனித் தொல்லை உண்டு. மழையும் இடியும் அடிக்கடி வருவன. இடிக்காகச் சவாரியை ஒரு மணி நேரம் நிறுத்தினால், அந்த மணிக்குரிய முன்பதிவுக்காரர்கள் அனைவரும் அடுத்த மணிக்காரர்களோடு சேர்ந்து வருவர். அவர்களுக்கு முதலிடம் தருவதென்றால் சாதாரண வரிசை அப்படியே உறைந்துவிடும். இடம் முழுவதையும் பதிவுக்கே விட்டுவிட்ட பூங்காவுக்கு, வானம் கறுத்த நாளில் சமாளிக்க எதுவும் கையில் இராது.

இந்நிலையில் தோட்டப்புறத்திலிருந்து புறப்படும் பஸ்ஸை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆலய நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ, தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, பள்ளி விடுமுறையில் ஆண்டுக்கு ஒரு முறை ஏற்பாடு செய்யும் பயணம் அது. நாற்பது பேர், பாட்டி முதல் கைக்குழந்தை வரை. சிரம்பானிலிருந்து கெந்திங் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தோட்டத்துச் செம்மண் பாதையிலிருந்து நெடுஞ்சாலையை அடைய வேண்டும். வழியில் பசியாற நிறுத்த வேண்டும். கோலாலம்பூரின் நெரிசலைக் கடந்து மலையேற வேண்டும். விடியுமுன் கிளம்பினாலும் வாயிலை அடையும்போது பூங்கா திறந்து நேரம் ஆகியிருக்கும். காலையில் திறக்கும் பதிவில் நல்ல சவாரிகளின் நேரங்களை, மலை விடுதியில் தங்கியவர்களும் அடிக்கடி வந்து பழகியவர்களும் எடுத்துக்கொண்டிருப்பர். நாற்பது பேரில் ஒவ்வொருவருக்கும் செயலி உள்ள கைத்தொலைபேசி இராது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் இடம் கிடைப்பதும் அரிது. பழைய வரிசையில் இவர்களுக்கு ஒரு சமத்துவம் இருந்தது: முன்னே நிற்பவர் யாரானாலும் அவருக்கும் இரண்டு கால்தான். முன்பதிவு முறையில் முன்னே நிற்பவர் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆண்டு முழுவதும் சேர்த்த வெள்ளியைக் கட்டி உள்ளே வந்தவர்கள் அவர்களே. தலைக்கு மூன்றுக்கும் குறைவான சவாரி விழும் அந்த 9,000 பேரில் எளிதாகச் சேர்ந்துவிடுவோரும் அவர்களே.

வசதி உள்ள நாடுகளிலும் இது நேர்ந்திருக்கிறது. 2019 டிசம்பரில் புளோரிடா டிஸ்னியில் நட்சத்திரப் போர்த் திரைப்படங்களையொட்டிய புதிய சவாரி ஒன்று திறக்கப்பட்டபோது, அதற்குச் சாதாரண வரிசையே வைக்கவில்லை. எல்லாம் கைத்தொலைபேசிப் பதிவு. அன்றைக்குரிய இடங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துபோயின. இதனால் விடியுமுன்பே வாயிலில் கூட்டம் திரண்டது. வரிசை ஒழிந்ததாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அது சவாரியின் வாசலிலிருந்து பூங்காவின் வாசலுக்குப் போயிற்று. 2021இல் பழையபடி நின்று காத்திருக்கும் வரிசையைத் திறந்தார்கள்.

வரிசை இவ்வாறு இடம் பெயர்வதில் உள்ள ஆபத்து, உல்லாசத்தில் அல்ல, வழிபாட்டில் மிகக் கொடுமையாகப் புலப்பட்டது. தோட்டத்துக் குடும்பங்கள் பல, வாழ்நாளில் ஒரு முறையேனும் போய்வர விரும்பும் தலம் திருப்பதி. அங்கே தரிசன வரிசையைக் குறைக்க நேரம் குறித்த சீட்டுகள் வழங்கும் முறை உண்டு. 2025ஆம் ஆண்டு வைகுண்ட வாயில் தரிசனத்துக்கான இலவசச் சீட்டுகள், ஜனவரி 9ஆம் தேதி அதிகாலையிலிருந்து திருப்பதி நகரத்துச் சாவடிகளில் கொடுக்கப்படவிருந்தன. முந்தின நாளே ஆயிரக்கணக்கானோர் சாவடிகளில் கூடிவிட்டனர். 8ஆம் தேதி இரவு ஒரு சாவடியின் கதவு திறந்தபோது ஏற்பட்ட நெரிசலில் சிக்கி ஆறு பேர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர். மலைமேல் உள்ள வரிசைக்குக் கூடங்களும் தடுப்புகளும் பல்லாண்டு அனுபவமும் இருந்தன. சீட்டுக்கான வரிசைக்கோ அவ்வளவு ஏற்பாடு இல்லை. வரிசையைக் குறைக்க வந்த சீட்டுக்கே வரிசை உண்டு என்பதைத் திட்டமிடுவோர் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

சபரிமலையில் 2011ஆம் ஆண்டில் கேரளக் காவல்துறை இணைய வழி வரிசைப் பதிவைத் தொடங்கிற்று. 2024இல் பதிவு செய்தவர்க்கே அனுமதி என்று அறிவித்தபோது எதிர்ப்பு எழுந்தது. முடிவில் நாளொன்றுக்கு 70,000 இடம் இணையப் பதிவுக்கும், 10,000 இடம் நேரில் வருவோருக்கும் எனப் பிரித்தார்கள். விகிதம் சரியா என்பது வேறு கேள்வி. ஆனால் பதிவு செய்யத் தெரியாதவரும் வருவார் என்று முன்கூட்டியே ஒரு பங்கு ஒதுக்கியது, பூங்காக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்கை.

பூங்காக்களுக்கு இதனைச் செய்வது கடினமன்று. ஒவ்வொரு சவாரியிலும் ஒரு குறிப்பிட்ட பங்கைச் சாதாரண வரிசைக்கென்றே வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைய நேரங்களைக் காலையிலேயே முழுவதும் திறந்துவிடாமல், பாதியை நண்பகலுக்குப் பின் திறக்கலாம். தொலைவிலிருந்து வரும் பஸ்ஸுக்கு அப்போது வாய்ப்பு இருக்கும். குழுவின் தலைவர் ஒருவர், வாயிலில் உள்ள சாவடியில் நாற்பது பேருக்கும் சேர்த்து நேரம் பெறுவதற்கு இடம் கொடுக்கலாம். சவாரியின் முன்னுள்ள பலகையில் காத்திருக்கும் நிமிடத்தோடு, இந்த வரிசையிலிருந்து மணிக்கு எத்தனை பேர் எடுக்கப்படுகிறார்கள் என்ற எண்ணையும் எழுதிவைக்கலாம். மணிக்கு 200 என்று பலகையில் கண்டால், குழந்தையை அழைத்துவந்த தகப்பன் அங்கே நிற்பதா, வேறு சவாரிக்குப் போவதா என்று தானே முடிவு செய்துகொள்வான்.