பரிசுப் பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை!

தாம்பரத்தில் இருந்து வேளச்சேரி வழியாகப் போனால் தரமணியில் இருக்கிறது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம்.

கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த சுவாமிநாதனுக்கு ஐ.பி.எஸ். அதிகாரி வேலையே கிடைத்தது. வேண்டாம் என்று பயிர் ஆராய்ச்சிக்குப் போனார். 1979-ல் மத்திய விவசாயத்துறை செயலாளர். அடுத்து திட்டக்கமிஷன். 1982-ல் பிலிப்பைன்சில் உலக நெல் ஆராய்ச்சி நிலையத் தலைவர். இத்தனை பதவி பார்த்தவர்கள் அப்புறம் சாய்வு நாற்காலியைத்தான் தேடுவார்கள்!

1987-ல் முதல் உலக உணவுப் பரிசு அவருக்கு வந்தது. 2 லட்சம் டாலர். அதைப் போட்டு மறு வருஷமே அறக்கட்டளை ஆரம்பித்துவிட்டார்.

என்ன பயன்? புதுச்சேரி நல்லவாடு மீனவர்களைக் கேளுங்கள். 1998 முதல் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நிறுவனம் தகவல் மையங்களைத் திறந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் டி.வி. பார்த்த ஊர்க்காரர் ஒருவர் பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார். "உடனே ஓடுங்க, ஊருக்கும் சொல்லுங்க!" மையம் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்தார்கள். ஒலிபெருக்கி அலறியது. 3,500-க்கும் மேற்பட்டோர் தப்பினார்கள். சுமார் 150 வீடுகளைக் கடல் கொண்டுபோனது. ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை!

சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28-ல் சென்னையில் தமது 98-வது வயதில் காலமானார். மறு வருஷம் பாரத ரத்னா விருது. நிறுவனத்தின் தலைவர் பொறுப்பை மகள் டாக்டர் சவுமியா 2023-லேயே ஏற்றிருந்தார்.