நாளைக்குப் பத்து ரூபாய்

மாதம் 300 ரூபாய் தவணை என்றால் தெருவோர வியாபாரியால் கட்ட முடியாது. நாளைக்கு 10 ரூபாய் என்றால் முடியும். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிப்பவர் கையில் மாதக் கடைசியில் 300 ரூபாய் சேர்ந்திருக்காது. பெங்களூரின் செல்கோ சூரிய விளக்கு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹரீஷ் ஹாண்டே, இதைத் தெருவோர வியாபாரி ஒருவரிடம் கற்றதாகப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கிராமத்தில் ஒரு தொழில் நிலைக்குமா என்று எடைபோடுபவர்கள் முதலில் விலையைப் பார்க்கிறார்கள். வாங்குபவர் கைக்குப் பணம் எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1995-ல் செல்கோ தொடங்கியபோது, சூரிய விளக்கு ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதே பொதுவான எண்ணம். செல்கோ கர்நாடகத்தின் கிராமிய வங்கிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் தேடிப் போய், விளக்கு வாங்கக் கடன் கொடுங்கள் என்று கேட்டது. மண்ணெண்ணெய்க்குப் போகும் காசு தவணைக்குப் போகும் என்பது அதன் கணக்கு. அறுவடையில் பணம் பார்க்கும் விவசாயிக்கு ஒரு தவணை முறை, தினமும் காசு புரளும் வியாபாரிக்கு வேறொரு முறை. விளக்கும் ஆளுக்கேற்ப மாறியது. இருட்டோடு பூப்பறிக்கப் போகிறவருக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு கிடைத்தது. பழுதானால் வந்து பார்க்க, அக்கம்பக்கத்திலேயே சேவை மையங்கள் வைத்தார்கள். செலவு பிடித்த ஏற்பாடுதான். ஆனால் எரியாத விளக்குக்கு யார் தவணை கட்டுவார்?

சோதனையும் வந்தது. 2000-களின் நடுவில் ஜெர்மனி சூரிய மின்சாரத்துக்குத் தாராளமாக ஊக்கத்தொகை கொடுக்க, உலகெங்கும் சூரியத் தகடுகளின் விலை ஏறியது. செல்கோ நஷ்டத்தில் விழுந்தது. லாபத்துக்கு அவசரப்படாத முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகே மீண்டது. 2011-ல் ஹாண்டேவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

மலிவாக விற்றால் போதும் என்று நினைப்பவர்கள் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் தண்ணீர் சுத்திகரிப்புப் பொடியைப் பார்க்கலாம். ஒரு சிறு பாக்கெட் 10 லிட்டர் தண்ணீரைச் சுத்தமாக்கும். விலையும் குறைவு, பொடியும் நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் வியாபாரமாக அது தேறவில்லை. கடைசியில் தொண்டுத் திட்டமாக மாற்றினார்கள். பொடியைக் கலக்கி, துணியில் வடிகட்டி, காத்திருந்து குடிக்க வேண்டும். அதை வீடு வீடாகப் போய்ப் பழக்கும் செலவை ஒரு பாக்கெட்டின் லாபம் தாங்காது.

செல்கோவின் கணக்கிலும் இடர்கள் உண்டு. பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கடன் முடிந்து மூச்சுவிடும் நேரத்தில் அந்தச் செலவு வந்து நிற்கும். மின்கம்பியும் இப்போது பெரும்பாலான ஊர்களை எட்டிவிட்டது, வெறும் விளக்கை விற்று இனி காலம் தள்ள முடியாது. அதனால்தான் தையல் இயந்திரம், ரொட்டி தேய்க்கும் இயந்திரம், பால் கறக்கும் கருவி எனப் பிழைப்புக்கான சாதனங்களைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டும் வேலைக்கு செல்கோ வந்திருக்கிறது. மண்ணெண்ணெய் மிச்சத்தை வைத்து இந்தச் சாதனங்களுக்கான கடனை அடைக்க முடியாது. கூடுதலாகத் தைக்கும் துணியிலிருந்துதான் தவணை வர வேண்டும்.