பேரி மரத்திற்கு ஏற்ற ஒட்டு எது?

பேரிக்காயின் விதையை ஊன்றினால் மரம் முளைக்கும். ஆனால் தாய்மரத்தின் கனியை அதில் எதிர்பார்ப்பது வீண். வேற்றினப் பேரியின் மகரந்தத்தால் காய்ப்பதாகையால், விதைக்கு விதை குணம் மாறும். கிளையை வெட்டி நட்டாலோ வேர்விடுவது அரிது. எஞ்சிய வழி ஒட்டுக்கட்டுதலே. இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டன் என்னும் ஊரில் 1770-ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய 'வில்லியம்ஸ்' பேரி, அமெரிக்கா சென்று 'பார்ட்லெட்' என்று பெயர் பெற்றது. இன்று பல நாடுகளில் காய்க்கும் அவ்வின மரங்களெல்லாம் அந்த ஒரே மரத்தின் கிளைவழி வந்தவையே.

பட்டைக்கும் கட்டைக்கும் இடையே ஈரமான மெல்லிய வளர்படலம் ஒன்றுண்டு. வேர்ச்செடியின் படலமும் மேலே வைக்கும் குச்சியின் படலமும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். எந்த முறைக்கும் இதுவே அடிப்படை.

பருத்த அடிமரமாயின், அதைப் பிளந்து குச்சியைச் செருகும் பிளவு ஒட்டு ஏற்றது. பென்சில் பருமனுள்ள செடிக்கு நாக்கு ஒட்டு சிறந்தது. இரண்டையும் சாய்வாகச் சீவி, நாக்குப்போல் வெட்டிக் கோத்துவிடுவதால் பிணைப்பு அசையாது. இவ்விரண்டும் குளிர்காலம் முடியும் தறுவாயில் செய்வன. கோடையில் செய்வது மொட்டு ஒட்டு. நம் ரப்பர்த் தோட்டங்களில் போலவே, பட்டை கழன்று வரும் பருவத்தில்தான் அதைக் கீறி மொட்டை உள்ளே வைக்க இயலும். சில்லு ஒட்டுக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. கட்டையோடு ஒரு சில்லு எடுத்து, அதே அளவுள்ள வெட்டில் பொருத்துவதால் படலங்கள் நேருக்கு நேர் சேர்கின்றன. 1970-களில் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தார் நடத்திய சோதனைகளிலும் இதுவே மேலாக நின்றது. நாற்றுப் பண்ணைக்கு இதையே சொல்லலாம். மொட்டுப் பட்டுப்போனாலும் வேர்ச்செடி பிழைத்திருக்கும், அடுத்த வசந்தத்தில் நாக்கு ஒட்டுக் கட்டலாம்.

ஆனால் எம்முறையாலும் தீராத சிக்கல் ஒன்றுண்டு. மரம் குட்டையாகவும் விரைவில் காய்ப்பதாகவும் இருக்கவேண்டிப் பேரியைக் 'குவின்ஸ்' என்னும் வேறு பழச்செடியின் வேரில் ஒட்டுவர். வில்லியம்ஸ் இனம் அவ்வேரோடு மனமொத்து வாழ்வதில்லை. சில ஆண்டுகள் நன்றாகவே வளரும். பிறகு ஒரு நாள் காற்றில், கத்தியால் வெட்டினாற்போல் ஒட்டிய இடத்திலேயே முறிந்து விழும். காய்க்கத் தொடங்கிய மரத்தை இழப்பது சிறு நட்டமா? இதற்கென்றே, இரண்டோடும் ஒத்துப்போகும் 'பெரே ஹார்டி' என்னும் பேரியின் துண்டொன்றை நடுவில் வைத்து இரட்டை ஒட்டுக் கட்டுகின்றனர். வேலை பெரும்பாலும் ஓராண்டு நீளும், மரம் நிற்கும்.

நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். புதைந்தால் பேரியே வேர்விட்டு, குட்டை மரம் நெட்டையாகிவிடும்.